மரவண்டியின் பின்கதவு

பாத்து வாங்க தம்பி, வழுக்கும். அந்தக் கல்லு மேல காலை வெச்சறாதீங்க, பாசி புடிச்சுக் கெடக்குது. இக்கட்டால, இந்த ஓரமா வாங்க. காரை ரோட்டுலயே நிறுத்திட்டு வந்தது நல்லதாப் போச்சு, இங்க கொண்டாந்திருந்தீங்கன்னா சக்கரம் புதைஞ்சிருக்கும். பத்து நாளா விடாம ஊத்துதுங்க. இன்னைக்குத்தான் உங்களுக்காகக் கொஞ்சம் வெறிச்சிருக்குது. டிரைவரு டீக்கடையிலயே இருக்கறாருங்ளா? இருக்கட்டும், இருக்கட்டும். அவரு எதுக்கு இந்தச் சேத்துல.

குனிஞ்சு வாங்க, தகரம் நெத்தியில இடிக்கும். ம்ம். இதுதானுங்க நீங்க போஸ்ட்கார்டு போட்டுக் கேட்ட வண்டி.

என்னங்க, நின்னுட்டீங்க? எல்லாரும் இப்பிடித்தான் ஒரு நிமிசம் நிப்பாங்க. போட்டோவுல பாக்கறது வேற, நேர்ல பாக்கறது வேறயல்லங்க? முன்னால மூஞ்சி மட்டும் இரும்பு. டிரைவர் சீட்டுக்குப் பின்னால பூரா மரம். சட்டம் தேக்கு, பலகை அயினி. சேஸு மட்டும் அமெரிக்காவுலருந்து கப்பல்ல வந்துச்சுங்க, வெறும் எலும்புக்கூடாட்டம், நாலு சக்கரமும் எஞ்சினும். அதுக்கு மேல பொட்டி கட்டுனது கோயமுத்தூர்ல ஒரு பட்டறை, நம்ம ஆளுங்க. தட்டிப் பாருங்க. இல்லீங்க, வெரலுல இல்ல, முட்டியில தட்டுங்க. கேட்டீங்ளா? அம்பது வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னும் கிண்ணுனு இருக்குது. வருசம் ரெண்டு தடவை வார்னிசு அடிச்சர்றேன். சோத்துக்கு இல்லாட்டியும் வார்னிசு நிக்காது.

பின்கதவு தொறந்துதான் இருக்குது. சித்திரையில தொறந்து வெச்சதுங்க. மழை முடியற வரைக்கும் அதைச் சாத்தறதில்ல. சாத்தக்கூடாதுன்னெல்லாம் ஒண்ணுமில்லீங்க, சாத்தறதில்ல, அவ்வளவுதான். நீங்க எழுதியிருந்தீங்களே பித்தளைத் தகடு, பட்டறைப் பேரும் நெம்பரும் வெட்டுனது, அது உள்ளாற இருக்குதுங்க. முன்பக்கம், கூரையில. வெளியில நின்னு பாத்தாத் தெரியாது. ஏறிப் போயித்தான் பாக்கோணும். ஏறுங்களேன். வேண்டாங்ளா? சரி, அதுக்கென்ன, அப்பறமா ஏறிக்கலாம்.

டீக்கடையில ஏதாச்சும் சொன்னாங்களா? சொல்லியிருப்பாங்க. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுது தம்பி. அந்த வண்டியா, அதுல ரெண்டு பொம்பளைங்க செத்தாங்களே, அதையா வாங்கப் போறீங்கன்னு கேட்டிருப்பாங்க. செத்தாங்க. நான் இல்லைன்னு சொன்னனா? நாப்பது வருசமா இந்த ஊருல இதே பேச்சுதான். கதவு தொறக்கல, கதவு தொறக்கல, நாச்சிமுத்து கதவு தொறக்கல. ஏனுங்க, ஒருத்தனாச்சும் இதுக்குள்ள ஏறி உக்காந்து, கதவைச் சாத்தீட்டு, உள்ளாருந்து தள்ளிப் பாத்திருக்கானா? தள்ளுனாத் தொறக்குமுங்க. தள்ளிப் பாக்கோணுமல்ல? ஒரே ஒரு ஆளு தள்ளிப் பாத்துட்டு வெளிய வந்து, அட, தொறக்குதப்பான்னு சொன்னாப் போதும். நான் நிம்மதியாச் சாவேன். நாப்பது வருசத்துல அந்த ஒரு ஆளு கெடைக்கல எனக்கு.

உக்காருங்க, அந்த டயர் மேல உக்காருங்க. காலுல அட்டை ஏறுதான்னு மட்டும் பாத்துக்குங்க. நடந்ததை நடந்தபடி சொல்றேன். கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, என்ற மேல என்ன தப்புன்னு.

நான் பொள்ளாச்சிப் பக்கம். இருவது வயசுல இந்த மலைக்கு வந்தனுங்க. மேல எஸ்டேட்டுல அப்ப வெள்ளைக்காரத் தொரை. இந்த வண்டி அவரு சொந்த வண்டி. ரெண்டு பக்கமும் கண்ணாடி சன்னலு, உள்ளாற தோலு மெத்தை. என்னைத் தவிர வேற யாரும் ஸ்டேரிங்கைத் தொடக்கூடாது. தொரைக்குச் சத்தம் ஆகாது தம்பி. ஒரு பலகை கிரீச்சுன்னாப் போதும், கையைத் தூக்குவாரு, நான் வண்டியை நிறுத்திட்டு எங்கடா கிரீச்சுன்னு தேடோணும். அப்பிடி வளத்த காது இது. இன்னைக்கும் ரோட்டுல எவன் வண்டி போனாலும் எந்த நட்டு லூசுன்னு படுத்துட்டே சொல்லீருவேன்.

மரவண்டின்னா சும்மா இல்லீங்க, கொழந்தையாட்டம் பாக்கோணும். வெயில் காலத்துல மரம் சுருங்கும், கதவெல்லாம் ஆடும். சாயந்தரமானா ஈரச் சாக்கைப் போத்தி விடுவோம். மழைக்காலத்துல ஊதும், கதவு புடிக்கும். கொஞ்சம் இழைச்சு விடோணும். அதுக்குன்னே எஸ்டேட்டுல ஒரு தச்சன், வையாபுரி ஆசாரின்னு பேரு. அப்பறம் இந்த ரோடு இருக்குதே, மழைன்னா மரம் சாஞ்சு குறுக்க விழுகும். அதனால மலையில ஓடற வண்டி எதுவா இருந்தாலும் டிரைவர் சீட்டுக்கடியில மூணு சாமான் இருக்கோணும். ஜாக்கி, கயிறு, கோடாலி. அது தொரை போட்ட சட்டம். மூணுல ஒண்ணு இல்லாட்டி வண்டியை எடுக்க விடமாட்டாரு.

தொரை சீமைக்குப் போயிட்டாரு. புது மேனேஜரு வந்தாரு, நம்மூர் ஆளு, ஜீப்பு வெச்சிருந்தாரு. அவருக்கு இந்த வண்டி வேண்டாமாம். கண்ணாடியெல்லாம் கழட்டீட்டு அங்கயும் பலகையை அடிச்சு மூடச் சொல்லிட்டாரு. டிரைவருக்குப் பின்னாலயும் ஒரு தடுப்புப் பலகை. ஆக, பின்கதவை விட்டா வேற வழி கெடையாது. பொட்டி. முழுப் பொட்டி. காலையில ரொட்டியும் தபாலும் ஏத்திட்டு வருவேன், மத்தியானம் அரிசி மூட்டை, யாருக்காச்சும் ஒடம்புக்கு முடியலைன்னா அவங்களை டவுன் ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போவேன். தொரை ஒக்காந்த வண்டியில அரிசி மூட்டை. யாருகிட்டச் சொல்றது?

அந்தப் பங்குனியில நல்ல வெயிலு. பின்கதவு ஆட ஆரம்பிச்சுது. கடகடகடன்னு, வளைவுக்கு வளைவு. நானும் சாக்கைப் போத்திப் பாத்தேன், நிக்கல. ஒரு நாளு காலையில ஆளுங்களைக் கணக்கெடுக்கற மஸ்டர் எடத்துல நூறு பேரு நிக்கறாங்க, பொம்பளைங்க, கங்காணிங்க, எல்லாரும். நான் வண்டியைக் கொண்டுபோயி நிறுத்தறேன். மேனேஜரு சிரிச்சுட்டே சொல்றாரு, "நாச்சிமுத்து, கோயில் திருவிழாவுக்கு மேளக்காரனைத் தேட வேண்டியதில்லய்யா, நீ வண்டியை எடுத்துட்டு ஒரு சுத்து வந்தாப் போதும்." எல்லாரும் சிரிச்சாங்க. நூறு பேரும் சிரிச்சாங்க தம்பி. அந்த ரூத்து சிஸ்டரும் சிரிச்சாங்க, வாயில முந்தானையை வெச்சுட்டு. ஆஸ்பத்திரி நர்சு அவங்க, திருநெல்வேலிப் பக்கத்து வேதக்காரங்க, நல்ல மனுசி. செத்தவங்களைப் பத்திக் கொறை சொல்லக்கூடாது. ஆனாச் சிரிச்சாங்க.

ஆசாரிகிட்டப் போனா, அவன் பழனிக்குக் காவடி எடுத்துட்டுப் போயிட்டான், பங்குனி உத்திரம். வர எட்டு நாளாகும்ங்கறாங்க. எட்டு நாளு நான் மேளத்தை அடிச்சுட்டுத் திரியறதா? அவன் பட்டறையில உளி இருக்குது, இழைப்புளி இருக்குது. எனக்குக் கை இல்லையா? கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவுல இருந்த சந்தை அளந்தேன். நல்ல தேக்குல பட்டி சீவி, நாலு பக்கமும் வெச்சு, பசை போட்டு, ஆணியை உள்ள எறக்கி அடிச்சேன். சாத்திப் பாத்தா, அய்யோ சாமி, என்ன சொல்றது, பெட்டியில மூடி ஒக்காந்த மாதிரி ஒக்காந்துச்சு. ஒரு சத்தம் இல்ல. மேல இருந்து கீழ வரைக்கும் நாப்பது வளைவு எறங்குனேன், எஞ்சின் சத்தத்தைத் தவிர ஒண்ணுமே இல்ல. எனக்கு அழுகையே வந்துருச்சுங்க.

ஆசாரி மொட்டை அடிச்சுட்டு வந்தான். கதவைச் சாத்திப் பாத்தான், தொறந்து பாத்தான். சட்டைப் பையில இருந்து ஒரு போஸ்ட்கார்டை எடுத்தான். அதைக் கதவுச் சந்துல வெச்சு இழுக்கப் பாக்கறான், நுழையல. "ஏப்பா நாச்சிமுத்து, ஒரு போஸ்ட்கார்டு போற அளவுக்காச்சும் சந்து வுட்டிருக்கோணுமே. பங்குனி வெயில்ல காஞ்ச மரம், இப்பச் சுருங்கிப் படுத்திருக்குது. ஆடி மழையில எந்திரிக்கும். அப்பக் கதவு தொறக்காது. குடு, பட்டியை எடுத்தர்றேன்" அப்பிடீன்னான். நாளைக்கு எடுத்துக்கலாம்னு சொன்னேன். அவன் அடுத்த நாளும் வந்தான். நாளைக்குன்னேன். மூணாவது தடவை வந்தப்ப, "என்ற வண்டி எனக்குத் தெரியாதா, உன்ற சோலியப் பாத்துட்டுப் போ"ன்னு சொல்லிட்டேன். அப்பறம் வரல. வந்திருக்கோணுமல்ல? அவன்தானே தச்சன். நான் நாலு வார்த்தை சொன்னா அப்பிடியே வுட்டர்றதா? இதை யாரும் கேக்கறதில்ல தம்பி.

அந்த மூணு மாசம் எனக்கு நல்ல காலம். ஒரு நாளு மேனேஜரு தோள்ல தட்டி, "என்ன நாச்சிமுத்து, வண்டி வர்றதே தெரியமாட்டேங்குதே"ன்னாரு. ஊட்டுக்குப் போயி என்ற சம்சாரம் மாராத்தாகிட்ட அதையே நாலு தடவை சொன்னேன். "சரி, சரி, சாப்புடுங்க"ன்னா.

ஆனி பொறந்துது. மழை புடிச்சுது. கதவு கொஞ்சம் இறுகுனது நெசந்தான். வெளியிலருந்து கைப்புடியப் புடிச்சு, காலைச் சட்டத்துல குடுத்து இழுத்தா வந்துரும். சாத்தறதுக்கு ஒரு ஒதை. அவ்வளவுதான். இதை ஒரு கொறைன்னு சொல்ல முடியுங்ளா? ரூத்து சிஸ்டரு ரெண்டு தடவை வந்து சொன்னாங்க. "அண்ணே, நோயாளியை வெச்சுட்டு உள்ள ஒக்காந்திருக்கேன், உள்ளாருந்து கதவைத் தொறக்க முடியலையே"ன்னாங்க. "நீங்க எதுக்கு சிஸ்டரு உள்ளாருந்து தொறக்கோணும், நாந்தான் எறங்கி வந்து தொறந்து விடறேனல்ல"ன்னேன். அதுல என்ன தப்பு? நான்தானே தொறந்து விட்டேன். ஒவ்வொரு தடவையும் நான்தான் தொறந்து விட்டேன்.

என்னங்க, அண்ணாந்து பாக்கறீங்க? தூறல்தான். தகரத்துல விழுந்தா அப்பிடித்தான் பெருசாக் கேக்கும். நீங்க கேளுங்க.

ஆடி ரெண்டாம் தேதிங்க. பகலு மூணு மணி இருக்கும். கொழுந்து பறிக்கற புள்ள ராக்கு, தலைச்சன் பிரசவம், நேத்துருந்து வலி. கொழந்தை குறுக்க கெடக்குதுன்னு சிஸ்டரு சொல்லிட்டாங்க, டவுனுக்குக் கொண்டு போனாத்தான் ரெண்டு உசுரும் தங்கும். புருசன்காரன் ஃபேக்டரியில சிப்டுல இருக்கறான், அவனுக்குச் சொல்லி அனுப்பிட்டு இவங்களைப் பின்னால ஏத்துனேன். ராக்குவைப் பாய் போட்டுப் படுக்க வெச்சு, சிஸ்டரு பக்கத்துல ஒக்காந்துட்டாங்க. நான் கதவை ஒதைச்சுச் சாத்துனேன். ரெண்டு ஒதை விட வேண்டியதாப் போச்சு அன்னைக்கு.

ரெண்டு மைலு போனா ஒரு தரைப்பாலம். இப்ப அங்க ஒசரமாப் பாலம் கட்டிட்டாங்க, நீங்க வரும்போது தாண்டித்தான் வந்திருப்பீங்க. தண்ணி பாலத்து மேல முழங்கால் அளவு போகுது. நின்னு யோசிச்சேன். உள்ளாற ராக்கு கத்துது. சிஸ்டரு தடுப்புப் பலகையத் தட்டி, "என்னண்ணே நின்னுட்டீங்க, போங்கண்ணே"ன்னாங்க. அவங்கதான் போகச் சொன்னாங்க, இதையும் நீங்க கணக்குல வெச்சுக்கோணும். வண்டியைத் தண்ணியில எறக்குனேன். நட்ட நடுவுல எஞ்சின் நின்னுருச்சு.

எறங்குனேன். தண்ணி தொடை வரைக்கும் வந்துருச்சு, இழுக்குது. பின்னால போயிக் கைப்புடியப் புடிச்சு, காலைக் குடுத்து இழுத்தேன். வரல. இன்னொரு இழுப்பு. கைப்புடி கையோட வந்துருச்சுங்க. பித்தளைப் புடி, திருகு நாலும் மரத்தைப் பேத்துட்டு வந்துருச்சு. உள்ளாருந்து தட்டறாங்க. டொக், டொக், டொக். மூணு தட்டு, அப்பறம் கொஞ்சம் சும்மா இருப்பாங்க. மறுபடியும் மூணு. "அண்ணே, தொறங்கண்ணே, தண்ணி உள்ள வருது. ராக்குவைத் தூக்கி மடியில போட்டிருக்கேன்"னாங்க. கத்தல. சத்தியமாச் சொல்றேன், அந்தம்மா கத்தவே இல்ல. ஆஸ்பத்திரியில மருந்து எழுதச் சொல்ற மாதிரிதான் சொன்னாங்க. நான் சொன்னேன், "தள்ளுங்க சிஸ்டரு, உள்ளாருந்து தள்ளுங்க." அவங்க தட்டீட்டே இருக்கறாங்க. தள்ளோணுமல்ல? தட்டுனாக் கதவு தொறக்குமா?

அப்பத்தான் சொன்னேன். "சிஸ்டரு, பயப்படாதீங்க, இங்கயே இருங்க. நான் போயிக் கோடாலி எடுத்துட்டு வந்தர்றேன்."

ஓடுனேன். மேட்டுல தோட்டத்து ஆளுங்க குடியிருக்கற ஒரு லைன் வீடு இருக்குது, கொஞ்ச தூரம்தான். பன்னெண்டு வீட்டுல பதினொண்ணு பூட்டிக் கெடக்குது, எல்லாரும் காட்டுல. கடைசி வீட்டுல ஒரு காய்ச்சக்காரன் படுத்திருந்தான். கோடாலி இருக்குதான்னு கேட்டேன், பல்லு தந்தியடிக்குது. அவன் என்னைப் பாத்துப் பயந்துபோயி, ஒக்கார வெச்சு, அடுப்புல இருந்த கட்டன் சாயாவை ஊத்திக் குடுத்தான். குடிச்சேன். ஒரு டம்ளர் சாயா குடிச்சது ஒரு குத்தமாங்க? குளுருல வெறைச்ச கையில கோடாலியப் புடிக்க முடியுமா? அவன் தேடி எடுத்துக் குடுத்தான், வாங்கிட்டு எறங்குனேன். ஒரு மணி நேரம் ஆச்சுன்னு பின்னால சொன்னாங்க. அவ்வளவு ஆகியிருக்காது. எனக்கு அப்பிடித் தோணல.

போயிப் பாத்தா வண்டி பாலத்துல இல்ல. கொஞ்சம் தள்ளி, கீழ, ரெண்டு பாறைக்கு நடுவுல சாஞ்சு நிக்குது. தண்ணி கூரைக்கு ஒரு சாண் கீழ ஓடுது. நான் கரையில நின்னு கூப்புட்டேன். சிஸ்டரு, சிஸ்டருன்னு கூப்புட்டேன். ஒரு சத்தமும் இல்ல. வண்டி கம்முனு நின்னுச்சு.

தண்ணி வடிஞ்சு வெளிய எடுத்தப்ப ஒரு சட்டம் வெலகல தம்பி. ஒரு பலகை பிளக்கல. ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டி, அந்த வெள்ளத்துல இடிபட்டும் ஒரு மூட்டு கழண்டு வரல. இரும்பு வண்டியா இருந்தா நசுங்கியிருக்கும். விசாரணைக்கு வந்த போலீஸ்காரரே சொன்னாரு, "யோவ், என்ன வேலைய்யா இது"ன்னு. அதே ஆளுதான் அப்பறம் கேட்டாரு, "பக்கத்துப் பலகையில ஒண்ணை ஒடைச்சிருந்தா ஆளை வெளிய இழுத்திருக்கலாமே"ன்னு. அயினிப் பலகைங்க. ஒரு முடிச்சு இல்லாத பலகை. அதை ஒடைக்கறதுக்கா கட்டுனாங்க?

மேனேஜரு ஆபீசுல வெச்சு எல்லாரையும் கேட்டாங்க. என்கிட்டக் கேட்ட கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். "இந்தக் கதவுக்குப் பட்டி வெச்சு அடிச்சது யாரு?" நான் சொன்னேன், "தச்சு வேலையெல்லாம் ஆசாரி சோலிங்க." இதுல ஒரு பொய் இருக்குதுங்ளா? தச்சு வேலை ஆசாரி சோலிதானே. அவங்க வேற மாதிரிப் புரிஞ்சுட்டா அதுக்கு நான் என்ன பண்றது? ஆசாரியைக் கூப்புட்டாங்க. அவன் கையைக் கட்டீட்டு நின்னான். என்னையே பாத்தான். "போஸ்ட்கார்டு சந்து விடுன்னு நாஞ் சொன்னனேப்பா"ன்னு என்கிட்டத்தான் சொன்னான், அவங்ககிட்டச் சொல்லல. அவங்ககிட்டச் சொல்லியிருக்கோணுமல்ல? வாயிருக்குதல்ல? ஒரு வாரத்துல பொண்டாட்டி புள்ளைகளோட மலையை விட்டு எறங்கிட்டான். மூட்டை முடிச்சைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டுபோக வண்டி குடுக்கச் சொன்னாங்க. நான் இதைத்தான் எடுத்துட்டுப் போனேன். அவன் ஏறல. மூட்டையைத் தலையில வெச்சுட்டு நடந்து போனான். கொழந்தைங்க எல்லாம் மழையில நனைஞ்சுட்டே பின்னால போச்சு. எனக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு.

அதுக்கப்பறம் ஒருத்தரும் ஏறல. ஒருத்தரும். பாம்பு கடிச்சவன்கூட, "நான் நடந்தே வர்றேன்"ங்கறான். ரொட்டி ஏறும், தபால் ஏறும், மனுசன் ஏறமாட்டான். அப்பறம் வண்டியை ஏலத்துல வுட்டாங்க. எவனும் கேக்கல, நான்தான் எடுத்தேன்.

மாராத்தா ஒரு நாளு இதைக் கூட்டித் தொடைக்கறேன்னு முன்னால ஏறுனா. ஏலத்துல எடுத்து ரெண்டு மாசம் இருக்கும். நான் இந்தா, இங்க நின்னு வார்னிசு கலக்கீட்டிருந்தேன். அவ சீட்டைத் தூக்குனா. தலையை மட்டும் வெளிய நீட்டுனா. அப்பறம், "ஏனுங்க, இந்தக் கோடாலி எப்பிருந்துங்க இங்க இருக்குது?"ன்னு கேட்டா.

அந்தப் பதட்டத்துல ஞாபகம் வருமா தம்பி? நீங்களே சொல்லுங்க. தண்ணி இழுக்குது, கைப்புடி கையில வந்துருச்சு, அந்நேரத்துல சீட்டுக்கடியில என்ன இருக்குதுன்னு யாருக்கு நெனப்பு வரும்? அவகிட்ட இதைத்தான் சொன்னேன். அவ ஒண்ணும் சண்டை போடல. அடுத்த வாரம் அண்ணன் ஊட்டுக்கு ஒரம்பரைக்குப் போயி நாலு நாளு இருந்துட்டு வர்றேன்னு போனா. முப்பத்தெட்டு வருசம் ஆச்சுங்க. போன மாசம் அவ செத்துட்டான்னு சொல்லி அனுப்புனாங்க. போகல. போயி என்ன பண்றது. மூஞ்சியத்தான் பாக்க முடியும், அவ திரும்பக் கேக்கவா போறா.

கோடாலிய நான் அங்கிருந்து எடுக்கல. சீட்டுக்கடியில இருக்கோணும்னா இருக்கோணும். தொரை போட்ட சட்டம்.

அட, நல்லாப் புடிச்சுக்கிச்சே மழை. தள்ளி நில்லுங்க தம்பி, அந்த மூலையில ஒழுகும். கொட்டாய்க்குப் பின்னால ஓடற ஓடைத் தண்ணி உள்ள வர்றது ஒண்ணும் புதுசில்ல, கணுக்கால் அளவு வந்துட்டு வடிஞ்சுரும். சூவு நனையுதுங்ளா? ஏறிக்குங்களேன். வண்டிக்குள்ள ஒரு சொட்டு எறங்காது. அப்பிடியே தகட்டையும் பாத்துக்கலாம். பட்டறைப் பேரு நெசமாங்கறதைப் பாக்காம நீங்க வாங்க முடியாதல்லங்க? ஏறுங்க. ம்ம், அப்பிடித்தான். குனிஞ்சு போங்க. டார்ச்சு இருக்குதல்ல? இன்னும் முன்னால, கடேசி வரைக்கும் போங்க, தடுப்புப் பலகைக்கு மேல கூரையில பாருங்க. தெரியுதா? நெம்பரு வெட்டியிருக்குதா? நாஞ் சொன்னனல்ல.

கீழ பலகையில கீறல் கீறலா இருக்குதுன்னு பாக்கறீங்ளா? அது ஒண்ணுமில்லீங்க. முன்ன இதைவிட எச்சா இருந்துச்சு, நான் இழைச்சு இழைச்சுக் கொறைச்சிருக்கறேன். ஆழமா இருந்ததுதான் போகல.

தம்பி, ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. வெலையெல்லாம் உங்க இஷ்டம். சும்மாவே வேணும்னாலும் எடுத்துட்டுப் போங்க. எனக்கு வேண்டியது அதில்ல. நாப்பது வருசத்துல நீங்க ஒருத்தருதான் உள்ள ஏறியிருக்கறீங்க. ஒரே ஒரு நிமிசம். நான் கதவைச் சாத்தறேன். நீங்க உள்ளாருந்து தள்ளுங்க. தொறக்கும். தொறந்ததும் எறங்கி, நேரா டீக்கடைக்குப் போயி, "நான் தள்ளுனேன், தொறந்துச்சு"ன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னாப் போதும். இருங்க, இருங்க, எந்திரிக்காதீங்க, தலை இடிச்சுக்கும். ஒரு நிமிசந்தான்.

ஒதைச்சாத்தான் ஒக்காரும். இன்னொண்ணு. ம்ம், ஒக்காந்துருச்சு.

கேட்டீங்ளா? எப்பிடி ஒக்காந்துச்சு பாத்தீங்ளா? ஒரு ஆட்டம் இல்ல. உங்க போஸ்ட்கார்டு என்கிட்டத்தான் இருக்குது, மடியில. வெச்சுப் பாக்கறேன். நுழைய மாட்டீங்குது. கார்டு நனைஞ்சுருச்சு, அதனாலதான்.

சரி, தள்ளுங்க.

தள்ளுங்க தம்பி. நல்லாத் தோளைக் குடுத்துத் தள்ளுங்க.

என்னங்க, தட்டறீங்க? தள்ளுங்கன்னு சொன்னாத் தட்டறீங்களே. அந்தம்மாளும் இதேதான், தள்ளுங்க சிஸ்டரு தள்ளுங்க சிஸ்டருன்னு நான் தொண்டை கிழியக் கத்தறேன், தட்டீட்டே இருந்தாங்க. மூணு மூணா.

தட்டாதீங்க. கேக்குது எனக்கு. தண்ணிதான், கணுக்காலுக்கு மேல வராது. பயப்படாதீங்க தம்பி, இங்கயே இருங்க. மேட்டுல ஒரு வீடு இருக்குது. நான் போயிக் கோடாலி எடுத்துட்டு வந்தர்றேன்.